வெள்ளிக்கிழமை மதியப் பை

விருத்தாசலம்
3.8.2008

ஆனந்தராஜுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. புதுச்சேரி மருத்துவமனை மருந்துக் கடையில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தால், உன் அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. "அவங்க தம்பி வந்து வேப்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா சார்?" என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கயல்விழியின் புருஷன் கையில் மாத்திரைக் கவரோடு நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

உன்னோடு போனில் பேச எனக்கு விருப்பமில்லை. மார்ச் மாதமே உன் நம்பரை என் செல்லிலிருந்து எடுத்துவிட்டேன். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்த பிறகு போன வருஷம் அவள் வயிற்றில் குழாய் வைத்தார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் தங்கவிட்டு, வடித்து எடுக்க வேண்டும். தினமும் நாலு தடவை, வீட்டிலேயே. கை சுத்தமில்லாமல் ஒருமுறை குழாய் முனையைத் தொட்டால் போதும், கிருமி நேரே வயிற்றுக்குள். நமக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் வேலையில் இருக்கும்போது மதியப் பையை நீ வந்து மாற்றினாய். மார்ச்சில் வயிற்றில் நோய்க்கிருமி பிடித்தது. அன்றைக்கு நான் சொன்னதை இப்போதும் திரும்பப் பெறவில்லை: ஓட்டலில் எச்சில் இலை எடுக்கிற கை என் மனைவியின் குழாயைத் தொடக்கூடாது.

பீங்கான் தொழிற்சாலையில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். வேதியியலில் முதுகலை படித்தவனுக்கு, குறைத் தட்டைப் பொறுக்கும் வேலை. எனக்குக் கீழே தொழில் கற்றவன் இன்றைக்கு மேனேஜர், அது இருக்கட்டும். ஒரு தட்டில் விரிசல் விழுந்தால் அது வார்த்தவன் கையிலா, மெருகு பூசியவன் கையிலா, சூளையில் அடுக்கியவன் கையிலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவேன். இதுவரை தப்பியதில்லை.

ஜூலையில் திரும்பி வந்த சரக்கைப் பார்க்க என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். வியாழன் காலை போனேன், சனி மாலை வந்தேன். வந்தபோது அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். வடித்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்தேன். தெளிவாக இருந்தால் கீழே உள்ள எழுத்தைப் படிக்க முடியும்; தலைப்புச் செய்திகூடத் தெரியவில்லை, மோர் மாதிரி இருந்தது. வியாழக்கிழமை நீ வந்துபோனாய் என்று எதிர் வீட்டுக் கொளஞ்சியம்மாள் சொன்னாள். மறுக்க முடியுமா? மார்ச்சிலும் நீ, ஜூலையிலும் நீ. இப்போது குழாயையே எடுத்துவிட்டார்கள்.

செய்தது போதும். அவளை அனுப்பி வை.

பழமலைநாதன்

*

வேப்பூர்
8.8.2008

மாமாவுக்கு ஆனந்தராஜ் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். சாம்பார் வாளியோடு நின்ற பையன் "என்னா மொதலாளி, கோர்ட்டு நோட்டீஸா?" என்றான். அப்படித்தான் இருந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். எழுந்து உட்காருகிறாள். வாரம் இரண்டு தடவை விழுப்புரத்துக்குக் காரில் கூட்டிப்போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. கழுத்தில் குழாய் இருப்பதால் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறாள். "அண்ணி, நீங்க திரும்புறது தேர் திரும்புற மாதிரி இருக்குது" என்று என் வீட்டுக்காரி சண்முகப்ரியா சொன்னதும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் வயிறு வலித்து, இவளைத் திட்டினாள்.

வியாழக்கிழமை வந்தேன், உண்மைதான். நீங்கள் ஊரில் இல்லை என்று தெரிந்துதான் வந்தேன். நாலு மாதமாக அவளைப் பார்க்கவில்லை. அறைக்குள் வரச் சொன்னாள். "வேணாங்க்கா, மாமா மோப்பம் புடிச்சிடுவாரு" என்று சொல்லி வாசல்படிக்கு வெளியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மதியப் பை போடும் நேரம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவளே போட்டாள். நான் சாலையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பையைத் தொடவில்லை. அந்தக் குழாய் எங்கே தொங்குகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

மார்ச்சில் நடந்தது என் கையாகவே இருக்கலாம். அதை நான் எப்போதும் இல்லை என்று சொன்னதில்லை. இப்போதும் கடையில் கை கழுவும்போதெல்லாம் அந்த நினைப்புதான். சோப்புத் தீரும் வேகத்தைப் பார்த்து இவள் கேலி செய்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையைச் சூடு பண்றதுக்குத் தண்ணியில ஏதும் வெப்பீங்களா?" என்று கேட்டார். எனக்கு அக்கா வீட்டில் நுழைய அனுமதி இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வாசல்படியிலிருந்து பார்த்தபோது ஒரு ஜாடி தெரிந்தது மாமா. சொல்லவில்லை. கை காட்டுகிற வேலையை உங்களுக்கே விட்டுவிட்டேன்.

அக்கா இப்போதைக்கு வரமாட்டாள். நான் பிடித்து வைக்கவில்லை.

ஆனந்தராஜ்

*

விருத்தாசலம்
17.8.2008

ஆனந்தராஜ்,

நீ நர்சிடம் சொல்லாததை நான் டாக்டரிடமும் சொல்லவில்லை. கிருமி எது என்று தெரிந்த அன்றே அவர் என்னிடம் கேட்டார். அது தண்ணீரில் வளரும் கிருமியாம். ஈரம் இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுமாம். "தண்ணீரில் வைத்துச் சூடு பண்ணினீர்களா?" என்றார். "இல்லை, ஹீட்டிங் பேடில்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. நான் உடைந்த தட்டைக் காட்டிக் கேட்டால் வேலையாட்கள் பதில் சொல்லும் வேகத்தில் சொன்னேன்.

ஜாடியைச் செய்தது நான். உன்னை வரவேண்டாம் என்று சொன்ன பிறகு மதியப் பையை அவளே தனியாகப் போடவேண்டி வந்தது. பை குளிர்ந்திருந்தால் உள்ளே போகும்போது வயிறு இழுத்துப் பிடிக்கும். ஹீட்டிங் பேட் மதிய மின்வெட்டில் வேலை செய்யாது. எங்கள் சூளையில் இரட்டைச் சுவர் வைத்து ஒரு ஜாடி சுட்டு எடுத்தேன். காலையில் வெந்நீர் ஊற்றிப் பையை அதில் வைத்துவிட்டுப் போனால் மதியம்வரை வெதுவெதுப்பாக இருக்கும். மெருகு அப்படி ஒரு மெருகு, ஒரு ஊசித்துளை கிடையாது. தண்ணீரில் வைக்கக்கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள்தான். பைக்கு மேலே ஓர் உறை இருக்கிறது, ஜாடி சுத்தமாக இருக்கிறது, நர்சுக்கு எங்கள் மெருகைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் பாதி நாள் வாளியில் இருந்த போர்வெல் தண்ணீரைத்தான் விளாவினேன். உறையின் மடிப்பில் நின்ற ஈரம் அவள் விரலுக்கு வந்து, விரலிலிருந்து குழாய் முனைக்குப் போயிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் எது வளரும் என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும்.

போன வாரம் புதுச்சேரிக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதே. அவர் இன்னொன்றும் சொன்னார். கலங்கல் தெரிந்த உடனே வந்திருந்தால் பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்திக் குழாயைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம்; இவ்வளவு தூரம் முற்றவிட்டு வந்தால் கஷ்டம் என்றார். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் சென்னையிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். பை எப்படி இருந்தது என்று கேட்டேன். "கண்ணாடி மாதிரி இருக்குது" என்றாள். கண்ணாடி மாதிரி இருந்தது மறுநாள் மோர் ஆகுமா? உனக்கு ஏதோ தெரியும். உன் கடிதத்தில் வியாழக்கிழமையைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழமலைநாதன்

*

வேப்பூர்
23.8.2008

மாமா,

சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஜாடி விஷயத்தை நீங்களாகவே எழுதியதைக் கேட்டதும், "சரி, எழுதிடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கலங்கலாகத்தான் வந்திருக்கிறது. மதியம் இன்னும் மோசம். மதியப் பையை வடித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"ஆனந்து, கலங்கலா வருதுடா. வயிறும் வலிக்குது."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீயும் சொல்லிப்புடாத."

"என்னாக்கா பைத்தியம் மாதிரி பேசுற? நான் காரை எடுத்துக்கிட்டு வரேன், பாண்டிக்குப் போயிடலாம்."

"வராத. நீ வந்தா நீதான்னு ஆயிடும். நேத்து வந்தது வேற தெரிஞ்சா உன்ன உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு. மார்ச்சுல பேசினதே இன்னும் என் காதுல கெடக்குது."

"அதுக்காக வயித்துல சீழ வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பியா?"

"நாளைக்கு அவரு வந்துடுவாரு. அதுக்குள்ள சரியானாலும் ஆவும். நீ போன வை."

அதற்குப் பிறகுதான் நீங்கள் அவளுக்குப் போன் செய்திருக்கிறீர்கள். பை எப்படி இருந்தது என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்டதை எழுதவில்லை. "யாராவது வூட்டுக்கு வந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டீர்களாம். உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தவள் அந்தக் கேள்வியோடு அடங்கிவிட்டாள். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைப் பைகளை எல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். சனிக்கிழமை குளிர் எடுத்து நடக்க முடியாமல் போனதால்தான் கடைசிப் பை உங்கள் கண்ணில் பட்டது.

இது அக்கா செய்தது. நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் உங்கள் செல்லுக்கு அடித்தேன். எடுத்து, "யாருப்பா பேசறது?" என்று கேட்டீர்கள். என் நம்பரைக்கூட அழித்துவிட்டீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கு எவ்வளவு ரோஷமோ அவ்வளவு எனக்கும் வந்தது. கட் பண்ணிவிட்டுப் புரோட்டா கல்லுக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் கூட்டம் வேறு. "மாமா, அக்காவுக்குக் கலங்கல்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் எந்த பஸ்ஸையாவது பிடித்து வந்திருப்பீர்கள். நானே போய் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் ஆகியிருக்கும். அவள் வராதே என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனந்தராஜ்

*

விருத்தாசலம்
21.9.2008

ஆனந்து,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தாளைக் கிழித்தேன். முதல் தாளில் உன்னைத்தான் திட்டியிருந்தேன். அடுத்ததில் அவளை. அதற்கு அடுத்ததில் மின்வாரியத்தை.

அந்தப் போன் எனக்கு நினைவிருக்கிறது. கோயம்பேட்டில் ஓர் ஓட்டல் அறையில் இருந்தேன். யாரோ தவறாக அடிக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டேன். அவளிடம் நான் முதலில் கேட்டது எனக்கு நினைவில்லை. நீ எழுதியதைப் படித்ததும், அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று மனசு சொன்னது. அடுத்த நிமிஷம், அப்படித்தான் கேட்டிருப்பேன் என்று தெரிந்துவிட்டது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் உடைசல் மேடு ஒன்று இருக்கிறது. கழித்த தட்டு, கோப்பை எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். நான் ஆய்வுக்கு வரும் சத்தம் கேட்டால் பெண்கள் விரிசல் விழுந்த தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் அந்த மேட்டில் போட்டு மிதிப்பார்கள். எனக்கு அது ரொம்ப நாளாகவே தெரியும். மேட்டைக் கிளறி, துண்டுகளைப் பொருத்தி, யாருடையது என்று கண்டுபிடித்து மேனேஜர் மேஜையில் வைப்பேன். அதில் எனக்குப் பெருமை. பதவி உயர்வு கொடுக்காத இடத்தில் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட வேறு வழி இருக்கவில்லை. குறையை மறைத்தால் சூளையில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாமல் போகும், அடுத்த அடுக்கும் பாழாகும் என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பேன். ஏன் மறைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் நான் வரும் சத்தம் கேட்டு நடுங்கியிருக்கிறாள். வலிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடந்து பையைக் கொட்டியிருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் பயப்படுவதற்கு அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஜாடியில் வந்த கிருமி என் முட்டாள்தனம். அதைக்கூட ஒருவிதமாகத் தாங்கிக்கொள்ள முடிகிறது. அவள் வலியைக் குறைக்கத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உன் மூன்று வார்த்தையை நீ சுமந்துகொண்டிருக்காதே. நீ கட் பண்ணியதற்கும் காரணம் நான்தான். இப்படி எழுதுவதும் பெருந்தன்மை காட்டுவது போலத்தான் இருக்கிறது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். வயிற்றுக்குள் குடல் அதிகம் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் மறுபடியும் குழாய் வைத்துப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் வீட்டில் பை மாற்ற இரண்டு பேராவது வேண்டும், ஒருத்தரை நம்பி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். விழுப்புரம் மிஷின் அவளை வாட்டுகிறது என்று நீ எழுதியிருக்கிறாய். அவள் சம்மதித்தால் குழாய் வைத்த பிறகு உன் வீட்டிலேயே இருக்கட்டும். நெடுஞ்சாலைத் தூசி வராத பின்னறையை ஒதுக்கு. நீயே போடு. மார்ச்சில் உன் கையைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அன்றைக்கே சோதனையில் எந்தக் கிருமி என்று தெரியவில்லை என்றுதான் அறிக்கை வந்தது. உன்னைச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

அவளைப் பார்க்க வரலாமா என்று கேட்டுச் சொல்.

மாமா

*

வேப்பூர்
2.10.2008

மாமா,

கடிதத்தை அக்காவே வாங்கிப் படித்தாள். உடைசல் மேடு வந்த இடத்தில் நிறுத்தி, "அந்தப் பொம்பளைங்க பாவம்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க மாமாவுக்கு மன்னிப்புக் கேக்கறதுக்கும் ஒரு கட்டுரை வேணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் இருக்க மாட்டாளாம். "ராத்திரி முழுக்க லாரி ஹாரன், காலையில எண்ணெய்ப் புகை. என் வூட்டுல என் கட்டில்ல படுத்துக்கிறேன்" என்கிறாள். சண்முகப்ரியாவுக்கு இதில் கோபம். "நாங்க என்னா ரோட்டுலயா குடியிருக்கோம் அண்ணி?" என்றாள். "ரோட்டுலதான்டி குடியிருக்கீங்க" என்றாள் அக்கா. இரண்டு பேரும் ஒரு வேளை பேசவில்லை.

குழாய் வைத்துக்கொள்ளச் சம்மதம். விருத்தாசலத்துக்கு வரச் சம்மதம். மதியப் பைக்கு வாரத்தில் சில நாள் நான் வரவேண்டும், சில நாள் அவளே போடுவாள், லீவு நாளில் நீங்கள். இதெல்லாம் சுலபமாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் ஒன்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"திரும்பவும் ஒரு நாள் கலங்கலா வரத்தான் போவுது. எவ்வளவு கழுவினாலும் சில பேருக்கு வரும்னு டாக்டரே சொன்னாரு. அன்னைக்கு நான் இவருக்குச் சொல்லணும்னா, யாரு போட்டதுன்னு இவரு கேக்கக் கூடாது. அன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும். உன்னையும் கேக்கக் கூடாது, என்னையும் கேக்கக் கூடாது, எதிர் வூட்டுலயும் போயி விசாரிக்கக் கூடாது. முடியும்னா வரச் சொல்லு. முடியாதுன்னா நான் விழுப்புரத்துக்கே போயிக்கிட்டு இருக்கேன். அந்த மிஷினு பேசாது."

யோசித்து வாருங்கள் மாமா. சும்மா தலையாட்டிவிட்டு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆனந்து

*

விருத்தாசலம்
14.12.2008

ஆனந்து,

இரண்டு நாளைக்கு முன்னால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இருந்தும் எழுதுகிறேன். நேரில் எனக்கு வாய் முந்துகிறது.

நீ வந்து சேர்வதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அவள் நிபந்தனைக்குச் சரி என்று சொல்லி, புதுக் குழாயோடு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு இதுதான் முதல் கலங்கல். போன திங்கள் காலை, ஆய்வு மேஜையில் தட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் கயல்விழி. "கலங்கலா இருக்குது. கொட்டல, வெச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி தொண்டைக்கு வந்துவிட்டது. முந்தைய வாரத்தில் எந்த மதியம் யார் போட்டார்கள் என்று மனசு அதற்குள் அடுக்கிப் பார்த்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், நான் சொல்லி நிற்பதில்லை. "வலிக்குதா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். "சேலை மாத்திக்க, வரேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

காரில் பாண்டி போகும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பண்ருட்டி தாண்டியதும், "கேக்கணும்னு இருக்குதா?" என்றாள். "இருக்குது" என்றேன். "கேக்கலையே" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மற்றதெல்லாம் நீ வந்து பார்த்ததுதான். அன்றைக்கே பைக்குள் மருந்து கலந்தார்கள். நேற்று காலை வடித்த பையை நானே செய்தித்தாள் மேல் வைத்தேன். வரி விளம்பரத்தின் பொடி எழுத்துவரை படிக்க முடிந்தது. வேப்பூர் அருகே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் விற்பனைக்கு வந்திருக்கிறது. அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். குழாய் தப்பித்துவிட்டது. மருந்தை இன்னும் சில நாள் தொடர வேண்டும்.

கிருமி எது என்று சோதனையில் வந்திருக்கிறது. இந்தத் தடவை தண்ணீர்க் கிருமி இல்லை. மனிதர்களின் தோலில் இருப்பதாம். எல்லோர் கையிலும் இருக்குமாம். டாக்டர் சொன்னபோது நீ உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாய். நான் பார்த்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்கு ஏதாவது நினைவிருந்தால், முனை கையில் பட்டதோ, முகமூடி நழுவியதோ, என்னிடம் சொல்லாதே. நர்சிடம் சொல், எங்கே தவறு என்று அவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பையில் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை நானும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் மறுபடி பயிற்சி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை போய்விட்டது என்று நினைக்காதே. நேற்று இரண்டு தடவை உனக்கு அடிக்கப் போய் வைத்துவிட்டேன். இது நாளைக்கும் வரும். வந்தால் வரட்டும்.

உன் அக்கா தூங்குகிறாள். வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, மதியப் பையை நீதான் வந்து போட வேண்டும்.

மாமா